இரும்புச் சட்டையும் பருத்தித் துகிலும்: இடைக்கால மதுரையின் படைக்கலமும் உடையும்

கல்லூரி விழாக்களில் பாண்டியன் நெடுஞ்செழியன் மேடை ஏறும்போது அவன் மார்பில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கவசம் ஒன்று பளபளப்பது வழக்கம். தோளிலே செதில் செதிலாகத் தகடுகள்; முழங்காலில் மூட்டுக்காப்பு; தலையிலே உரோமானியப் படைத்தலைவனின் முடி. நாடகக் குழுக்கள் தொடங்கி வைத்து, திரைப்படங்கள் நிலைபெறச் செய்த இக்கோலம் மாணவர் மனத்தில் வரலாறாகவே பதிந்துவிட்டது. அதே மாணவர், பாண்டிய நாட்டுப் படைவீரர் ஆடையின்றிப் போருக்குச் சென்றனர் என்னும் மார்க்கோ போலோவின் குறிப்பைப் படிக்க நேர்ந்தால் திகைத்துப் போகின்றனர். "நம் முன்னோர் கவசம் என்பதை அறியாதவர்களா?" என்று வகுப்பில் எழுந்து வினவியோர் உண்டு. வினவாமல் உள்ளுக்குள் நாணியோர் அவர்களினும் மிகுதி.

அட்டைக் கவசத்தில் காணும் பெருமிதம், அந்தக் குறிப்பைப் படித்தவுடன் எழும் நாணம் ஆகிய இரண்டும் ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன. ஐரோப்பிய வீரனின் இரும்புச் சட்டையை நாம் அளவுகோலாகக் கொண்டுவிட்டோம். அந்த அளவுகோல் சரிதானா என்பதை ஆராய்ந்த பின்னரே நம் மண்ணின் வீரனை அதன் அருகில் நிறுத்துதல் முறையாகும்.

இரும்புக்குள் இருந்தது என்ன?

ஐரோப்பாவின் இடைக்காலம் என்பது ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை நீளும் ஆயிரம் ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் வீரர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை தகட்டுக்குள் இருந்தனர் என்று கருதுவது பிழை. 1066இல் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்ற வரலாற்றை ஊசியால் தைத்துக் காட்டும் பேயோ பூத்தையல் துணி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்த லினன் துணியில் நாம் காணும் வீரர் அணிந்திருப்பது தகடு அன்று. சிறு சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய சட்டையாகும். அது பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசம் 15ஆம் நூற்றாண்டில்தான் நிறைவான வடிவம் பெற்றது. மிலான், நூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் ஆகிய நகரங்களின் கொல்லர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். அதன் எடை 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அதை அணிந்தவரைக் கயிறு கட்டித் தூக்கித்தான் குதிரைமேல் ஏற்ற வேண்டும் என்பது வெறுங்கதை. 1944இல் வெளிவந்த 'ஐந்தாம் ஹென்றி' என்னும் ஆங்கிலத் திரைப்படம் அக்கதையை நன்றாகப் பரப்பியது. திரைப்படத்தால் வரலாறு திரிவது நமக்கு மட்டுமே வாய்த்த பேறன்று!

வளையச் சட்டை வாளின் வெட்டைத் தடுக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சியைத் தடுக்காது. தோல் கிழியாமலே உள்ளே எலும்பு முறிந்துவிடும். எனவே இரும்புக்குள் பஞ்சு அல்லது கந்தல் திணித்து, நெருக்கமாக வரிவரியாகத் தைத்த தடித்த அங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். வசதியுள்ளவன் அந்த அங்கியின்மேல் இரும்பை அணிந்தான். வசதியற்றவனுக்கு அந்த அங்கியே கவசம். 1181இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி பிறப்பித்த படைக்கல ஆணை இதனைத் தெளிவாகவே கூறுகிறது. செல்வமுடையோர் வளையச் சட்டையும் தலைக்காப்பும் கேடயமும் ஈட்டியும் வைத்திருக்க வேண்டும். நகர மக்களும் எளிய குடிமக்களும் பஞ்சு தைத்த அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி ஆகியவற்றோடு வந்தால் போதும். முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பிரான்சில் பதினோராம் லூயி காலத்து ஆணை ஒன்று, 25 முதல் 30 மடிப்புத் துணியும் ஒரு மான்தோலும் சேர்த்துத் தைத்த சட்டையைக் காலாட்படைக்குப் பரிந்துரைத்தது. ஆக, இரும்பால் புகழ்பெற்ற ஐரோப்பாவிலும் பெரும்பாலான வீரரின் உயிரைக் காத்தது துணியே.

அத்துணியின் பெயரைக் கேட்பின் மொழி பயில்வோர் மகிழ்வர். அந்த அங்கியை ஆங்கிலேயர் 'அக்கெட்டன்' என்றனர். அது பருத்தியைக் குறிக்கும் 'அல்-குத்ன்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. 'காட்டன்' என்பதும் அவ்வழி வந்ததே. கவசத்தின்மேல் அணிந்த குறுஞ்சட்டையாகிய 'ஜுப்பான்' என்பதன் வேர் 'ஜுப்பா' என்னும் அரபுச் சொல். நம் ஊர்ச் சலவைக்கடையில் தொங்கும் ஜிப்பாவும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சுப் பிரபுவும் மதுரைச் செல்வந்தரும் ஒரே சொல்லை உடுத்தியிருந்தனர் என்றால் நம்பக் கடினமாயினும் உண்மை அதுவே.

அரபுச் சொல் அங்கே சென்றது எவ்வாறு? வணிகத்தாலும் போராலும். சிலுவைப்போர்க் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் என்னும் பெருமகனார் (1095-1188) தம் வாழ்க்கை நினைவுகளில் தம் கவசத்தை விளக்கியுள்ளார். வெளியிலே பார்த்தால் அது துணியங்கி. உள்ளே ஒரு பிராங்கிய வளையச் சட்டை, அதன்மேல் இன்னொரு வளையச் சட்டை, இடையிடையே கம்பளமும் பட்டும் முயல்மயிரும். எதிரியின் இரும்பையே வாங்கித் தம் துணிக்குள் தைத்துக்கொண்ட நுட்பம் இது. 1191இல் அர்சூஃப் போரை நேரில் கண்ட பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், முதுகில் பத்து அம்பு வரை தைத்திருந்தும் அசையாமல் நடந்து சென்ற சிலுவைப்படைக் காலாட்களைக் குறிப்பிடுகிறார். அவர்கள் வளையச் சட்டையோடு தடித்த கம்பளச் சட்டையும் அணிந்திருந்தனர். எனினும் இந்தச் சுமைக்கு ஒரு விலை உண்டு. 1187 ஜூலை மாத வெயிலில், ஹித்தீன் மேட்டில், சுல்தான் சலாஹுத்தீனின் படை நீர்நிலையை மறித்து நின்றபோது, இரும்புக்குள் இருந்த பெரும்படை விடாயால் சோர்ந்து வீழ்ந்தது. வெயில் அங்கே ஒரு படைக்கலமாயிற்று.

அவ்வெயிலை நினைவிற் கொண்டு வைகைச் சமவெளிக்கு வருவோம்.

சொற்கள் காட்டும் சான்று

கவசத்தைத் தமிழர் அறியாதவர் என்பதைச் சொற்களே மறுக்கின்றன. உடலை மறைப்பது என்னும் பொருளில் 'மெய்ம்மறை' என்ற அழகிய சொல் பதிற்றுப்பத்தில் உள்ளது. அங்கே அது சேர மன்னனையே குறிக்கிறது. வீரர்க்கு அரசனே கவசமாக நின்றான் என்பது கருத்து. இன்னொரு சொல் 'அரணம்'. கோட்டைக்கும் அரணம் என்று பெயர். கவசத்துக்கும் அதுவே பெயர். பெரும்பாணாற்றுப்படையிலோ காலை மூடும் செருப்புக்கும் அச்சொல் வழங்குகிறது. ஊரைக் காப்பதும் மார்பைக் காப்பதும் பாதத்தைக் காப்பதும் ஒரு சொல்லில் அடங்கியமை நம் மொழியின் சிந்தனைப் போக்கைக் காட்டுகிறது. அதே பகுதியில், காட்டுவழி செல்லும் வணிகர் சட்டைக்குள் புகுந்து, கச்சிலே வாள் செருகி, மார்பில் ஆறிய அம்புத் தழும்போடு காட்சியளிக்கின்றனர். மேலாடை தைத்து அணியும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

கவசம் பெரும்பாலும் தோலால் ஆனது. யானைமேல் வந்த சோழன் ஒருவனின் புலித்தோல் கவசம் அம்புகளால் கிழிந்திருந்த காட்சியை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் காட்டுகிறார். கேடயத்துக்கே 'தோல்' என்று பெயர். இரும்பு வேலுக்கும் வாளுக்கும் உரியது. உடலுக்குத் தோலும் துணியுமே உரியன.

இரும்பில் நம்மவர் பின்தங்கியிருந்தனர் என்றும் கூற இயலாது. ஈரோட்டை அடுத்த கொடுமணல் அகழாய்வில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டு 'உக்கு', 'உருக்கு' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பது அறிஞர் கொள்கை. அரபு மொழியில் வாளைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'முஹன்னத்'. இந்திய நாட்டு எஃகால் ஆனது என்பது அதன் பொருள். நம் எஃகு கடல் கடந்து சென்று பிறர் கையில் வாளாயிற்று. ஆயினும் நம்மவர் அதனைத் தகடாக அடித்து உடம்பில் மாட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் அணிந்தது என்ன? சிவகங்கையை அடுத்த ஒக்கூரைச் சார்ந்தவர் எனக் கருதப்படும் மாசாத்தியார் பாடிய புறப்பாட்டை மாணவர் அனைவரும் அறிவர். தந்தையையும் கணவனையும் அடுத்தடுத்த நாள்களில் களத்தில் இழந்த ஒருத்தி, தன் ஒரே மகனை அழைத்து, தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். ஆண்டுதோறும் இதனை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே நாம் கற்பிக்கிறோம். ஒரு முறை உடையை மட்டும் கருதிப் படித்துப் பாருங்கள். அச்சிறுவனின் உடம்பில் வேறொரு காப்பும் இல்லை. அந்த வெள்ளைத் துணியே அவன் கவசம். இதனை வீரம் எனலாம். அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை என்றும் கூறலாம். இரண்டாவது பொருளை நாம் வகுப்பில் கூறத் தயங்குகிறோம்.

நெடுநல்வாடையில் பாண்டியனின் பாசறை வருகிறது. நள்ளிரவு, வாடைக்காற்று. மன்னன் உறங்காமல், புண்பட்ட வீரரைக் காணப் புறப்படுகிறான். வேப்பந்தளிர் சூடிய வேலை ஏந்தி முன்னே செல்லும் படைத்தலைவன் ஒவ்வொருவராகக் காட்டி வருகிறான். மன்னன் நழுவும் மேலாடையை இடப்புறம் தழுவிக்கொண்டு, வாள் தொங்கும் இளைஞன் ஒருவன் தோளில் கை வைத்து நடக்கிறான். மதுரைப் புலவர் நக்கீரர் தீட்டிய இவ்வோவியத்தில் கவசம் இல்லை, துகில் இருக்கிறது. மேடைக்கு ஒப்பனை செய்வோர் அட்டையை எடுத்துவிட்டு இப்பாட்டைக் கையில் எடுப்பாராயின் செலவும் குறையும்.

துணிக்கு இந்த ஊரில் என்ன குறை? மதுரையில் அறுவை வீதி என்றே ஒரு தெரு இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணிக்கடைக்காரர் புலவராகவும் இருந்த ஊர் இது. கள்வரின் உடைகூட இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. இருளோடு இருளாகக் கலக்கும் கருநிற உடை, இடையில் நீலக் கச்சு, கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள், மதிலேற நூலேணி என மதுரைக்காஞ்சி அவர்களை வருணிக்கும்போது, மாங்குடி மருதனார் இரவுக் காவலரோடு நெடுநாள் பழகியவரோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

மார்க்கோ போலோ கண்டதும் காணாததும்

சங்க காலத்தை விட்டு 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு வருவோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், 1292-93 அளவில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 'மாபார்' எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். இந்நாட்டில் தையற்காரனே இல்லை, எல்லாரும் அரையில் ஒரு துணியோடு திரிகின்றனர், போருக்கும் ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்தி வெற்றுடம்போடு செல்கின்றனர் என்று அவர் கூறியுள்ளார். மன்னனும் அரைத்துணியே உடுத்தியிருந்தான். ஆனால் அவன் கழுத்திலும் கைகளிலும் கால் விரல்களிலும் இருந்த முத்தும் மாணிக்கமும் ஒரு நகரத்தின் விலை பெறும் என்கிறார்.

தையற்காரர் இல்லை என்பதை நாம் ஏற்பதற்கில்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தொழிலாளருள் 'துன்னகாரர்' இடம்பெறுகின்றனர். துன்னுதல் என்றால் தைத்தல். முல்லைப்பாட்டில் பாசறைக் காவல் புரியும் யவனர் 'மெய்ப்பை' அணிந்திருக்கின்றனர். உடலை இட்டுவைக்கும் பை என்னும் பொருளுடைய இச்சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சட்டை என்றே பொருள் கொள்வார். மார்க்கோ போலோ கண்டது பொய்யன்று. கடற்கரையில் எதிர்ப்பட்ட பெரும்பாலோர் அவ்வாறே இருந்திருப்பர். ஆனால் வெட்டித் தைத்த ஆடையே ஆடை என்று எண்ணிய கண்ணுக்கு, நெய்தபடியே உடுத்தும் துகில் ஆடையாகத் தோன்றவில்லை. பயணிகளின் கூற்றை எடுத்தாளும்போது அவர்களின் கண்ணையும் சேர்த்து எடை போட வேண்டும்.

ஆனால் அவர் கூறிய மற்றொரு செய்தி நம் வினாவுக்கு நேர் விடையளிக்கிறது. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. பேணத் தெரிந்தவர் இல்லை. சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுக்கின்றனர் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இவ்வணிகத்தை விரிவாக எழுதியுள்ளார். வளைகுடாவின் கீஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், தம் சொந்தக் குதிரைகளுள் 1400ஐ ஆண்டுதோறும் மாபாருக்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும்! அவருடைய தமையனோ தம்பியோ ஆகிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியனின் அவையில் அமைச்சராக இருந்து காயல் துறையைக் கவனித்து வந்தார்.

இப்போது ஐரோப்பிய வீரனை மீண்டும் நினைவிற் கொள்வோம். அவனுடைய இரும்புச் சட்டை, கனத்த உள்நாட்டுக் குதிரை, அங்கவடி, நீண்ட ஈட்டி ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. குதிரையின் வேகத்தோடு வந்து மோதும் ஈட்டியைத் தாங்கவே அந்தக் கவசம் வளர்ந்தது. பாண்டிய நாட்டிலோ குதிரை கடல் கடந்து, பொன் விலைக்கு வந்து, ஓராண்டில் மடிந்தது. படையின் பேரளவு காலாளும் யானையும். களமோ கண்மாய்க் கரை, நெல்வயல், கருவேலங்காடு. 1415இல் அஜின்கூர் சேற்றில் பிரெஞ்சுப் பிரபுக்கள் தகட்டின் பளுவால் எழ இயலாமல் அழிந்ததைப் படிக்கும்போது, நம் நன்செய் வரப்பில் அக்கவசத்தோடு ஒருவன் ஓடுவதை எண்ணிப் பார்க்கலாம். வெயிலும் குதிரையும் வயலும் சேர்ந்தே இங்கே இரும்புச் சட்டையைத் தேவையற்றதாக்கின. மன்னனைக் காக்கத் 'தென்னவன் ஆபத்துதவிகள்' என்னும் மெய்க்காவற்படை இருந்தது. பாண்டியர் கல்வெட்டுகள் அப்பெயரைத் தருகின்றன. அவனுடைய கவசம் மனிதர்களே.

குதிரை வணிகம் மொழியிலும் தடம் பதித்தது. குதிரைவீரனைக் குறிக்கும் 'இராவுத்தர்' என்னும் சொல் இன்று இப்பகுதி முஸ்லிம்களுள் ஒரு பெரும்பிரிவினரின் பெயர். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் மயிலேறும் முருகனையே இராவுத்தன் என்று அழைத்தார். ஆவுடையார்கோயிலில் குதிரை வணிகர் கோலத்துச் சிவன் சிற்பமாக நிற்கிறார்; மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் இன்றும் நடைபெறுகிறது. குதிரையோடு வந்தவர்கள் இம்மண்ணின் கற்பனைக்குள் எத்துணை ஆழமாகப் புகுந்துவிட்டனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

தலைப்பாகை முதல் பீரங்கி வரை

1335 அளவில் மதுரையில் தனிச் சுல்தானியம் தோன்றி, 1378 வரை நிலவியது. அதன் மன்னருள் ஒருவரான கியாசுத்தீனின் மனைவியும் பயணி இப்னு பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அம்மன்னரின் கொடுமைகளை இப்னு பதூதா மறைக்காமல் எழுதியுள்ளார். உறவைக் கருதி எழுதுகோலை வளைக்காத அப்பண்பை நாம் போற்ற வேண்டும். போசள மன்னர் மூன்றாம் வல்லாளனின் படையை அவர் எதிர்த்த போரைக் குறிப்பிடும்போது ஒரு செய்தி கூறுகிறார். சுல்தானின் வீரர்கள் தம் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் கட்டினர். இறக்கத் துணிந்துவிட்டோம் என்பதன் அடையாளம் அது. இரும்பு பேசாத ஒன்றைத் துணி பேசிற்று.

தமிழிலும் உடை போரைப் பேசுகிறது. 'வரிந்து கட்டிக்கொண்டு' ஒரு செயலில் இறங்குகிறோம். வேட்டியைத் தார்பாய்ச்சுகிறோம். முழந்தாள் அளவாக வீரர் உடுத்தியதை 'வட்டுடை' என்றனர். பின்னாளில் அரைக்காற்சட்டை போன்ற 'சல்லடம்' வந்தது. தலைக்கு உருமால், குல்லா ஆகியன பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள்.

நாயக்கர் காலத்தில் இக்கலப்பு படைக்கலத்திலும் நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் வழியாக வந்த ஐரோப்பிய வாளலகுகளைத் தென்னாட்டுக் கொல்லர் வெட்டி, நம் கட்டாரியின் பிடியில் பொருத்தினர். தஞ்சை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த அத்தகைய கட்டாரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் சொல்லே நம்மிடம் 'பீரங்கி' ஆகி, அவர் கொணர்ந்த பொறியின் பெயராக நின்றுவிட்டது. மதுரைக்கு 72 கொத்தளங்களோடு நாயக்கர் எழுப்பிய கோட்டையும் ஒருவகைக் கவசமே. 1763-64இல் கான்சாகிப் யூசுப்கான் அக்கோட்டைக்குள் இருந்து ஆங்கிலப் படையையும் ஆர்க்காட்டு நவாபின் படையையும் பல மாதங்கள் எதிர்த்தார்; இறுதியில் காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். பீரங்கிக்கு முன் மார்புக்கவசம் எங்கும் பொருளிழந்தது, ஐரோப்பாவிலும் அவ்வாறே. கோட்டையும் 1840களில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் காலத்தில் இடிக்கப்பட்டு, வெளிவீதிகளாயிற்று.

பஞ்சுக் கவசம் அதற்குச் சற்று முன்வரை தென்னகத்தில் வாழ்ந்தது. திப்பு சுல்தானின் படைக்கலத்தைச் சேர்ந்த, பல மடிப்புத் துணி வைத்துத் தைத்த மார்புக்காப்புகளும் தலைக்காப்புகளும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1755இல் திண்டுக்கல்லில் பவுஜ்தாராக இருந்த ஹைதர் அலியின் மகன் அவர் என்பதை நினைவுறுத்துகிறோம்.

இச்சமவெளிக்கே உரிய வளரியைக் குறிப்பிடாமல் செல்வது முறையன்று. பிறைபோல் வளைந்த இந்த எறிகருவி மரத்தாலும் இரும்பாலும் தந்தத்தாலும் செய்யப்பட்டது. சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்ததாகவும், தேர்ந்த கையினின்று அது நூறு கெஜத் தொலைவுக்குள் குறி தவறாது செல்லும் என்றும் ஆங்கிலத் தளபதி வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கற்றுத்தந்தவரையே பின்னர் அவர் எதிர்த்துப் போரிட நேர்ந்தது. 1801 டிசம்பரில் கும்பினி அரசு தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. சிவகங்கைப் பகுதியில் வளரி இன்று கோயில்களில் வழிபடு பொருளாக உள்ளது.

யார் எதை உடுக்கலாம்?

கவசத்தைவிட உடையில்தான் அதிகாரம் கூர்மையாகச் செயற்பட்டது. இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எந்தத் தரத்தார் எந்த விலையுள்ள துணி உடுக்கலாம் என வரையறுத்தது. உழவன் முரட்டுக் கம்பளத்தோடு நிற்க வேண்டும். நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. கொங்கு நாட்டுச் சோழர் கல்வெட்டுகள், கம்மாளர் காலில் செருப்பு அணியவும் வீட்டுக்குச் சாந்து பூசவும் இரட்டைச் சங்கு ஊதவும் அரசன் உரிமை வழங்கியதைப் பொறித்துள்ளன. வாளும் வேலும் செய்துகொடுத்த கொல்லனின் காலுக்குச் செருப்பு ஒரு சலுகையாக வந்ததென்றால், அதற்கு முன் அவன் நிலை யாது? மன்னன் உடுத்திய துணியும் உழவன் உடுத்திய துணியும் அளவில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஒருவன் விரும்பி மார்பைத் திறந்தான். மற்றொருவன் மூட அனுமதிக்கப்படவில்லை. மார்க்கோ போலோ இவ்வேறுபாட்டைக் காணவில்லை. நாமும் பல நேரங்களில் காண்பதில்லை.

இது பழங்கதையும் அன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்பன அவற்றுட் சில. மீறியோர் தாக்கப்பட்டனர். அன்று அங்கே ஒரு பனியன் அணிந்து தெருவில் நடந்தவனுக்கு, இரும்புச் சட்டை அணிந்த எந்தப் பிரபுவையும்விட மிகுதியான துணிவு வேண்டியிருந்தது.

உடையின் ஆற்றலை நன்கறிந்த ஐரோப்பியர் ஒருவரும் மதுரையில் வாழ்ந்தார். 1606இல் இங்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தம் கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டுக் காவி உடுத்து, மரத்தாலான பாதக்குறடு அணிந்தார். பிரங்கியின் உடையோடு மதுரையின் மேற்குடியினர் வீட்டுத் திண்ணையில் உட்காரவும் இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

இவற்றையெல்லாம் கண்ணால் காண விரும்பும் மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் (1623-1659) எழுப்பிய புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்களின் சிலைகள் கைகூப்பி நிற்கின்றன. இடுப்பில் செருகிய கட்டாரியையும் துகிலின் மடிப்பையும் அவற்றில் உற்று நோக்கலாம். இரும்புச் சட்டையைத் தேடினால் கிடைக்காது. அச்சிலைகளின் காலடியில்தான் தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்கள் இயந்திரம் போட்டுத் தைத்து வந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிடும் பக்தர்களுக்குரிய சல்லடமும் உருமாலும் குல்லாவும் அவர்கள் கையால் உருவானவை. அண்மை ஆண்டுகளில் மண்டபத்தின் பழமையைக் காக்கும்பொருட்டுக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. பங்குனி பிறந்ததும் அங்கே சென்றால், இடைக்கால வீரனின் உடை இன்னும் அளவெடுத்துத் தைக்கப்படுவதைக் காணலாம்.